குரைப்பொலியும் கழுத்துப்பட்டையும்: ஓர் எல்லைப்புறக் குறிப்பு

வேட்டை நாய் புதருக்குள் மறைந்தபின் வேட்டுவனுக்குத் துணை செவி மட்டுமே. குரைப்பின் திசை நாயின் இருப்பிடத்தையும், தொனி மாற்றம் இரையின் நிலையையும் உணர்த்தின. சங்கப் பாக்கள் 'ஞமலி' என்றும் குறித்த அவ்விலங்கு, குமரித் தமிழிலும் மலையாளத்திலும் 'பட்டி'. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைய, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் அமைந்தன. சொல் மட்டும் இருபுறமும் நிலைத்தது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வேட்டையைக் குற்றமாக்கியது. மேலைநாடுகளில் வேட்டை நாயின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழி கணித்து, வானொலி அலையால் உரிமையாளரின் கைக்கருவிக்கு அனுப்பும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை பரவியது. இவ்வெல்லையில் அத்தகைய பட்டை பேசுபொருளானது யானையால். 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன், இவ்வூர்களுக்கு வடகிழக்கே மேல்கோதையாற்றுப் பகுதியில் விடப்பட்டது. நெய்யாறு சரணாலயம் அருகிருந்தமையால், பட்டையின் சமிக்ஞைகளை இரு மாநில வனத்துறையினரும் கண்காணித்தனர்.

கருவி இருப்பிடத்தைத் துல்லியமாக அறிவிக்கிறது. குரைப்போ, நாய் கண்டது என்ன என்பதையும் அறிவித்தது. அவ்வேறுபாடுகளைக் குறித்த முதியோரின் சொற்களை, மாநில எல்லை பாராது, இப்போதே தொகுத்தாக வேண்டும்.