முகத்தில் கட்டி, அடையாறில் ஆஸ்பத்திரி

பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வலம் வருபவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், புற்றுநோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு இந்த வேண்டுதல்களே காரணம் என்று சொல்லிவிடுவது படித்தவர்களுக்கு வசதியாக இருக்கிறது. தலையிலும் கழுத்திலும் வரும் சார்கோமாவின் வரலாறு அந்தக் குற்றச்சாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. இது புகையிலையால் வாய்க்குள் புண்ணாகத் தொடங்கும் புற்று அல்ல. தசை, எலும்பு, குருத்தெலும்பு, ரத்தக் குழாய் ஆகியவற்றில் முளைப்பது; தலை, கழுத்துப் புற்றுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. தொடையில் வந்தால் சுற்றியுள்ள நல்ல சதையையும் தாராளமாகச் சேர்த்து வெட்டலாம். கன்னத்தில் வந்தால் ஒரு பக்கம் கண், ஒரு பக்கம் மூளைக்குப் போகும் பெரிய தமனி, மேலே மண்டையோட்டின் அடித்தளம். கத்தி மட்டுமே கதியாக இருந்த காலத்தில் சீக்கிரம் வந்தவருக்கும் மருத்துவத்தால் செய்ய முடிந்தது கொஞ்சமே. அந்தக் காலத்துச் சாவுகளை அம்மன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியக்க நிலையம் வந்தபோது கதிர்ச் சிகிச்சைக்கு வழி பிறந்தது. ஆனால் அறுவை, கதிர், திசுச் சோதனை மூன்றும் புற்றுநோய்க்கென்றே ஒரே கூரையின் கீழ் கூட வேண்டியிருந்தது. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைத்தான் கேட்டார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எதிர்ப்பைத் தாண்டி, 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஐம்பதுகளின் பிற்பகுதியில் கோபால்ட் கதிர்க் கருவியும், 1960-இல் குழந்தைகளுக்கான தனிப் பிரிவும் வந்தன.

குழந்தைகள் பிரிவு இந்த நோய்க்கு மிக முக்கியம். குழந்தைகளைத் தாக்கும் ராப்டோமயோசார்கோமா மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலை, கழுத்துப் பகுதியில்தான் வருகிறது. கண்குழியில் வந்தால் ஒருகாலத்தில் கண்ணையே அகற்றினார்கள். அப்படியும் பலர் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய பல மருத்துவமனைகளின் கூட்டு ஆய்வுகள், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்தால் கண்ணை விட்டுவைக்கலாம் என்று காட்டின. கண்குழிக்குள் அடங்கிய நோயில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்க முடிகிறது. அப்படியானால் பெருமை மருந்துக்குத்தானே, கட்டடத்துக்கு ஏன் என்று கேட்கலாம். பெரியவர்களின் சார்கோமாக்கள் பலவற்றில் மருந்தால் பெரிதாக எதுவும் மாறவில்லை. அங்கே முடிவைத் தீர்மானிப்பது, கட்டி ஓரம் சுத்தமாக வெட்டப்பட்டதா, தேவையான கதிர் உரிய நேரத்தில் தொடர்ந்ததா என்பதே. குழந்தைகளிலும் திசுவைச் சரியாக இனங்காணாமல் எந்த மருந்தும் வேலைக்கு ஆகாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் தூரம் பற்றியது. அடையாறு எங்கே, பெரியபாளையம் எங்கே? 1969-இல் காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது, அதுவும் பக்கமில்லை. பெரியபாளையம் அடங்கிய, 1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூருக்கு 2022-இல்தான் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. ஊருக்கு ஊர் சிகிச்சை வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் இந்த நோயில் அது பாதி உண்மை. சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து உள்ளூரில் தோண்டி எடுத்துவிட்டால் அடுத்த அறுவைக்கு எல்லை எதுவென்றே தெரியாமல் போகும். ஆகவே பக்கத்து மருத்துவமனை சந்தேகப்பட வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊசியால் திசு எடுத்து அனுப்ப வேண்டும். கத்தியை மட்டும் பெரிய இடத்துக்கு விட்டுவிட வேண்டும். 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைப் பெருமளவு ஏற்றிருக்கிறது. ஆனால் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். அதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவருக்கு அந்த முப்பது நாள் சம்பளத்தைக் காப்பீடு தருவதில்லை.