மணிச்சித்ரத்தாழ் முதல் சந்திரமுகி வரை: ஒரு பேய்க்கதையின் வரலாறு

மணிச்சித்ரத்தாழ் 1993 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மலையாளத் திரைப்படம் ஆகும். மது முட்டம் எழுதிய கதையை ஃபாசில் இயக்கினார். சித்திர வேலைப்பாடுள்ள பூட்டு என்பது தலைப்பின் பொருள். இக்கதை பின்னர் கன்னடத்தில் ஆப்தமித்ரா (2004), தமிழில் சந்திரமுகி (2005), இந்தியில் பூல் புலையா (2007) எனப் பல மொழிகளுக்குச் சென்றது. ஒரே கதைதான் என்றாலும், அதன் நடுவில் நிற்கும் பெண் எல்லா மொழிகளிலும் ஒரே அளவில் வளரவில்லை. பேய்க்கதையில் பாத்திர வளர்ச்சி என்பது என்ன என்று அறிய விரும்பும் மாணவர்களுக்கு இவ்வேறுபாடு நல்ல பாடமாகும்.

முன்னிருந்த வழிகள்

அதற்கு முந்தைய இந்தியப் பேய்ப் படங்களில் இரண்டு வழிகள் பெரிதும் காணப்பட்டன. ஒன்றில் ஆவியும் முற்பிறவியும் உண்மை. ஸ்ரீதரின் நெஞ்சம் மறப்பதில்லை (1963) மறுபிறவியை உண்மையாகவே கொண்ட படம். மற்றொன்றில் பேய் என்பது மனிதர் செய்யும் சூழ்ச்சி. இந்திப் படமான வோ கௌன் தி (1964) தமிழில் யார் நீ (1966) என வந்தபோது, வெள்ளைப் புடவைப் பெண்ணின் மர்மத்துக்குப் பின்னால் சொத்தாசை இருந்தது.

மணிச்சித்ரத்தாழ் மூன்றாவது வழியை எடுத்துக்கொண்டது. அதில் ஆவியும் இல்லை, ஏமாற்றுபவரும் இல்லை. ஒரு பெண்ணின் மனம் நோயுற்றிருக்கிறது. அது தனக்குத் தெரிந்த பழங்கதை ஒன்றில் புகுந்துகொள்கிறது.

கதைச் சுருக்கம்

நகுலனும் அவன் மனைவி கங்காவும் கொல்கத்தாவிலிருந்து கேரளத்தில் உள்ள மாடம்பள்ளி என்னும் குடும்ப வீட்டுக்கு வருகின்றனர். அங்கே தெக்கினி என்னும் தென்பகுதி பூட்டியே கிடக்கிறது. முன்னொரு காலத்தில் சங்கரன் தம்பி என்ற குடும்பத் தலைவர் தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நடனப் பெண்ணைக் கொண்டுவந்தார். அவள் ராமநாதன் என்ற ஆடற்கலைஞனைக் காதலித்ததால் துர்காஷ்டமி இரவில் அவளைக் கொன்றார் என்பது அவ்வீட்டுக் கதை. கங்கா அந்தப் பூட்டைத் திறக்கச் செய்கிறாள். வீட்டில் விபரீதங்கள் தொடங்குகின்றன. உறவுப் பெண்ணான ஸ்ரீதேவி மீது பழி விழுகிறது. நகுலனின் நண்பரும் மனநல மருத்துவருமான சன்னி, நோயுற்றவள் கங்காவே என்று கண்டறிகிறார்.

கங்கா என்னும் பாத்திரம்

இப்படத்தின் வலிமை அதன் முடிச்சில் மட்டும் இல்லை. முடிச்சு அவிழ்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால், கங்காவைப் பற்றி நமக்கு முன்பே சொல்லப்பட்டவை எல்லாம் பொருள் பெறுகின்றன. பெற்றோர் தொலைவில் இருக்க, பாட்டியின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். ஒரு நாள் திடீரென்று அவளைப் பாட்டியிடமிருந்து பிரித்து நகரத்துக்கு அழைத்துச் செல்ல முடிவாகிறது. அந்தப் பிரிவை அவள் மனம் தாங்கவில்லை. திருமணத்துக்குப் பின் கணவன் அன்பானவன்தான், ஆனால் எப்போதும் வேலையில் மூழ்கியிருப்பவன். விருப்பத்துக்கு மாறாக ஒரு வீட்டில் அடைக்கப்பட்ட நாகவல்லியின் கதை அவளை ஈர்த்ததில் வியப்பில்லை.

பலரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி ஒன்றைப் பார்ப்போம். நகை வாங்க வெளியே செல்லக் கிளம்பும் கங்காவை நகுலன் தடுக்கிறான். மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடியே அவன் மறுக்கிறான். அந்தச் சிறிய மறுப்புக்கே அவள் முகமும் குரலும் மாறி நாகவல்லி வெளிப்படுகிறாள். சிறுமியாக இருந்தபோதும் அவளைக் கேட்காமல்தான் பிறர் முடிவெடுத்தனர். அச்சமூட்டும் காட்சிக்குள் ஒரு வாழ்க்கை வரலாறே அடங்கியிருக்கிறது. பேய்க்கதையில் பாத்திர வளர்ச்சி என்பது இதுவே. இந்த வேடத்துக்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார்.

அயல் மொழி பேசும் பேய்

மலையாளப் படத்தில் நாகவல்லி பேசுவது தமிழ். கன்னட, தமிழ்ப் படங்களில் அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் மஞ்சுளிகா என்ற பெயரில் வங்காளம் பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் அவள் வேற்று நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவள். வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து வேற்று மொழி வருவது பார்ப்பவரை நடுங்க வைக்கிறது. அதே வேளையில், சொந்த ஊரில் இல்லாத ஒருத்தியின் தனிமையையும் காட்டுகிறது. கதையின் எலும்புக்கூட்டில் மாறாமல் நின்ற கூறு இது.

சந்திரமுகியில் நேர்ந்த மாற்றம்

பி. வாசு கன்னடத்தில் ஆப்தமித்ராவை இயக்கிய பின், சிவாஜி புரொடக்‌ஷன்ஸுக்காகச் சந்திரமுகியை இயக்கினார். 2005 ஏப்ரல் 14 அன்று வெளியான அப்படம் சென்னை சாந்தி திரையரங்கில் 890 நாள்கள் ஓடியது.

மலையாளத்தில் கதை வெகுதூரம் நகர்ந்த பிறகே மருத்துவர் வருகிறார். தமிழில் ரஜினிகாந்த் நடித்த சரவணன் தொடக்கத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். அதுமட்டுமன்றி, நடனப் பெண்ணைக் கொன்ற வேட்டையன் வேடத்தையும் அவரே ஏற்றார். வடிவேலுவின் நகைச்சுவைக்கும் தனி இடம் தரப்பட்டது. இவற்றுக்கு நடுவே கங்காவின் கடந்த காலத்துக்குக் கிடைத்த இடம் குறைவு. ஜோதிகாவின் கண்களும் நடனமும் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்தின என்பது உண்மை. ஆயினும் அரங்கை விட்டு வந்தவர்கள் சந்திரமுகியைப் பற்றியும் வேட்டையனைப் பற்றியும் பேசிய அளவுக்குக் கங்காவைப் பற்றிப் பேசவில்லை. நோய் நினைவில் நின்றது. நோயாளி பின்னே போனாள்.

திரைக்கு வெளியே

இதை வெறும் கலைக் குறையாக மட்டும் கொள்ள இயலாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். மனநோயைப் பேய்பிடித்ததாகக் கருதி, மருத்துவரிடம் செல்லாமல் வழிபாட்டுத் தலங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் இருந்த நாடு இது. அத்தகைய நாட்டில், ஆடுவது பேயன்று, நம் வீட்டுப் பெண்ணின் துயரம் என்று ஒரு வெகுசனப் படம் சொன்னது சிறிய செயல் அன்று. ஓர் இரவில் நோய் குணமாவது நாடக வசதியே. மருத்துவம் அவ்வளவு எளிதில்லை. ஆனால் மாந்திரீகரும் மருத்துவரும் சேர்ந்து அவளைக் காக்க முயல்வதாகக் காட்டியதால், நம்பிக்கையுள்ளவர்களும் அச்செய்தியை ஏற்க முடிந்தது.

பின்வந்தவை

இதே பெயர்களில் பின்னர் வந்த பூல் புலையா 2 (2022), சந்திரமுகி 2 (2023) ஆகிய படங்களில் ஆவி உண்மையாகவே இருக்கிறது. மூன்றாவது வழியில் தொடங்கிய கதை முதல் வழிக்கே திரும்பிவிட்டது. மறுபுறம், மணிச்சித்ரத்தாழ் 2024 ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட படியாகத் திரையரங்குகளில் மீண்டும் வெளியானது.

இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவர்கள் ஒரு பயிற்சி செய்யலாம். கங்கா தனக்கு வேண்டியதைக் கேட்கும் இடங்களையும், அதற்குப் பிறர் சொல்லும் விடைகளையும் ஒரு தாளில் குறித்து ஒப்பிட்டால், ஒரு பாத்திரம் எங்கே வளர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது தெளிவாகும்.