வெறும் வயிறும் முயலும்

வீட்டு முயலைக் கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும் நாளில், முயல் வைத்தியம் அறிந்த கால்நடை மருத்துவர் நாய்க்கும் பூனைக்கும் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லி அனுப்புவார். பட்டினி போடாதீர்கள், கிளம்பும்வரை காய்ந்த புல்லும் தண்ணீரும் கூண்டிலேயே இருக்கட்டும், விரும்பித் தின்னும் கீரையில் ஒரு கைப்பிடி கூடவே எடுத்து வாருங்கள் என்பார். கத்தி என்றாலே வெறும் வயிறு என்று ஊறிப்போன நமக்கு இது விசித்திரமாகப் படும். காரணம் கேட்டால், முயலால் வாந்தி எடுக்க முடியாது என்று பதில் வரும். உண்மைதான், ஆனால் பாதிப் பதில். பட்டினி கிடக்கும் முயலின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அறிவியல் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்ணால் பார்த்துவிட்டது. வெறும் வயிற்று விதிக்கு வலுச்சேர்த்த பரிசோதனையில் மேசைமீது கிடந்ததும் முயல்தான். அப்படியும் அந்த அறிவு முயலுக்கே பயன்பட நூறாண்டுக்கு மேல் ஆனது. அதுவரை முயல் யாருக்கும் நோயாளியாக இருக்கவில்லை என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

விதி மனிதர்களிடம் தொடங்கியது. 1846-இல் பாஸ்டனில் ஈதரும், அடுத்த ஆண்டே எடின்பரோவில் குளோரோஃபார்மும் அறுவை அறைக்குள் வந்தன. 1848 ஜனவரியில், நியூகாசிலுக்கு அருகே, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் சில நிமிடங்களில் இறந்தாள். மருந்துதான் கொன்றது என்றார்கள் சிலர். அவளைத் தெளியவைக்க வாயில் ஊற்றிய பிராந்தியும் தண்ணீரும் மூச்சை அடைத்துவிட்டன என்றார் குளோரோஃபார்மைக் கொண்டுவந்த ஜேம்ஸ் சிம்சன். மயங்கியவரின் தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளாது என்ற பயம் அந்த விவாதத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கால மருத்துவர்கள் பட்டினி விஷயத்தில் பிடிவாதக்காரர்கள் அல்லர். வயிற்றில் கெட்டியான உணவு இருக்கக் கூடாது, இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பது நல்லதே என்று 1883-இல் எழுதினார் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்ற கெடுபிடி பின்னால் வந்தது.

அது இறுகியதில் 1946-இல் வெளிவந்த ஒரு கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், 1932 முதல் 1945 வரையிலான 44,016 பிரசவங்களின் பதிவுகளைப் புரட்டி, மயக்கத்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனதாக 66 பேரைக் கண்டார். இறந்தவர்கள் இருவர், இருவருமே கெட்டியான உணவு மூச்சுக்குழாயை அடைத்து இறந்தவர்கள். அமிலம் நுரையீரலை எப்படிப் புண்ணாக்குகிறது என்று காட்ட அவருக்கு ஒரு பிராணி வேண்டியிருந்தது. முயல்களின் மூச்சுக்குழாயில் அமிலத்தையும், உப்புநீரையும், மனிதர் எடுத்த வாந்தியையும் விட்டுப் பார்த்தார். அமிலம் போன முயல்களின் நுரையீரல் அந்தப் பெண்களுடையதைப் போலவே ஆனது. தன் வயிற்றில் இருப்பதை ஒருபோதும் மேலே கொண்டுவர முடியாத பிராணிக்குள் பிறர் வாந்தியை ஊற்றித்தான் இது தெரிந்துகொள்ளப்பட்டது. மெண்டல்சனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவருடைய கேள்வி தாய்மார்களைப் பற்றியது. ஆனால் அங்கிருந்து வலுப்பெற்ற விதி நாய்க்கும் பூனைக்கும் வந்து, அதே கையோடு முயலுக்கும் வந்தபோது, முயலுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி வழியிலேயே விழுந்துவிட்டது.

பொருந்தாது என்பதற்கான சான்று எண்பது ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. சந்தையிலிருந்து தன் ஆய்வுக்கூடத்துக்கு வந்த முயல்களைப் பற்றி பிரெஞ்சு உடலியலாளர் குளோது பெர்னார் 1865-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். மேசைமீது அவை பெய்த சிறுநீர் தெளிவாகவும் அமிலமாகவும் இருந்தது. புல் தின்னும் பிராணிக்கு அது கலங்கலாகவும் காரமாகவும் இருக்க வேண்டும். தெளிவும் அமிலமும் இறைச்சி தின்னிகளின் அடையாளம். இவற்றுக்கு யாரும் தீனி போட்டிருக்க மாட்டார்கள், தம் சதையையே எரித்துப் பிழைத்திருக்கின்றன என்று ஊகித்தார். புல் போட்டார், சிறுநீர் கலங்கியது. 24 மணி முதல் 36 மணி நேரம் பட்டினி போட்டார், மறுபடி தெளிந்தது. பிறகு வேகவைத்து ஆறிய மாட்டிறைச்சியைக்கூடத் தின்னவைத்துப் பார்த்தார். பட்டினி முயல் தன்னைத்தானே தின்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? 1882-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரரான மோரோ, முயல் இருவகைப் புழுக்கை போடுகிறது, அவற்றில் மென்மையானதை வெளியே விழுமுன் வாயால் எடுத்து விழுங்கிவிடுகிறது என்று விவரித்தார். (முயல் அசைபோடும் என்று லேவியராகமம் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.) தட்டை எடுத்து ஒளித்துவைத்தாலும் முயலின் வயிறு காலியாகாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. விதி அதன் சொந்த நோக்கத்திலேயே முயலிடம் தோற்றுவிடுகிறது.

ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் முயல்கள் மயக்கப்பட்டனவே, அங்கிருந்து இந்த அறிவு வந்திருக்காதா என்று கேட்கலாம். வந்தது, ஆனால் அந்த இடத்துக்குத் தேவையான அளவுக்கே. பெரும்பாலான சோதனைகளில் முயல் எழுந்து மறுநாள் புல் தின்ன வேண்டிய அவசியமே இல்லை. எடுத்துக்காட்டாக, மயக்கத்தில் இதயத் துடிப்பு குறையாமலிருக்கப் பிற பிராணிகளுக்குப் போடும் அட்ரோபின் பல முயல்களிடம் நிலைக்காது. அதைச் சிதைக்கும் நொதி அவற்றின் இரத்தத்திலேயே உண்டு. அதுவும் ஆய்வகங்களில் பழைய செய்திதான். அங்கேதான், பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் முயல் கூட்டத்தில், வயதான பெண் முயல்களின் கர்ப்பப்பையில் புற்றுநோய் பெருகுவதை 1930-களில் ஹாரி கிரீன் கண்டார். 5, 6 வயதான முயல்களில் ஐந்துக்கு நான்கில் அது வரலாம் என்று அதே வழியில் வந்த கணக்குகள் பின்னர் காட்டின. ஆனால் இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்த்த முயல் அந்த வயதைப் பார்த்ததே இல்லை. நம் ஊரில் காளைக்கும் கிடாவுக்கும் காயடிப்பார்கள். பெண் முயலின் கர்ப்பப்பையை எடுக்க யாருக்கு என்ன தேவை? 1985-இல் மாரினெல் ஹாரிமனின் வீட்டு முயல் கையேடும், 1988-இல் கலிஃபோர்னியாவில் ஹவுஸ் ராபிட் சொசைட்டியும் வந்த காலத்தில்தான், எட்டு பத்து ஆண்டு கூடவே வாழப்போகும் முயல் என்ற எண்ணம் பரவலானது. கிரீனின் கணக்குக்கு அப்போதுதான் ஓர் உரிமையாளர் கிடைத்தார். பட்டினி பற்றிய அறிவுக்கும் அதேபோலத்தான்.

வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் மூச்சுத் திணறாதா என்பது மற்றோர் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். ஆனால் நெஞ்சறையை அழுத்துவதில் பெரும்பங்கு பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உள்ள பெரிய நொதித்தல் பைக்கு. சில மணி நேரப் பட்டினியில் அது காலியாகாது, உள்ளே நடக்கும் நொதித்தல்தான் கெடும். மார்பைச் சற்று உயர்த்திக் கிடத்துவது அதைவிடப் பலன் தரும். இன்னொரு பக்கம், எல்லாச் சாவையும் பட்டினியின் தலையில் கட்டவும் முடியாது. 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் 117 கால்நடை மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், மயக்கம் தொடர்பான இறப்பு நாய்க்கு 0.17 விழுக்காடு, பூனைக்கு 0.24, முயலுக்கு 1.39. குறுகிய வாயில் மூச்சுக்குழாய் செருகுவது கடினம், நோயை வெளிக்காட்டாமல் மறைக்கும் இயல்பு, சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோவது என்று காரணங்கள் பல. ஆனாலும் அந்த இறப்புகளில் பெரும்பகுதி அறுவை முடிந்த பிறகே நிகழ்ந்தது. கத்தியையும் மருந்தையும் கடந்து வந்த முயல் எழுந்து தின்கிறதா, உடம்புச்சூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் சிகிச்சையே என்பதற்கு இந்தக் கணக்கு போதும் என்பது என் கருத்து.

இன்றைய ஏற்பாடு அதைச் சுற்றியே இருக்கிறது. வாயில் புல் சிக்கியிருக்கக் கூடாது என்பதற்காகத் தீனியை மிஞ்சிப்போனால் ஓரிரு மணி நேரம் முன்பு எடுப்பார்கள், வாயைத் துடைத்துப் பார்ப்பார்கள். கண் விழித்ததும் கொத்தமல்லித் தண்டு ஒன்றை மூக்கருகே நீட்டுவார்கள். வீட்டுக்கு வந்த பின் உரிமையாளர் தட்டில் புழுக்கையை எண்ணுவார்: எத்தனை, எந்த அளவு, உருண்டையா, இழுத்தாற்போலா என்று. மனிதருக்கான கெடுபிடியும் இதற்கிடையே தளர்ந்துவிட்டது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை பால் சேர்க்காத தேநீர் குடிக்கலாம்.