மூன்று சத்திரம்



அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில், கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்படும் பவுலை எதிர்கொள்ளச் சகோதரர் சிலர் மூன்று சத்திரம் என்னும் இடம்வரை வருகிறார்கள். ரோமிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், ஆப்பியர் நெடுஞ்சாலையில் இருந்த தங்குமிடம் அது. பழைய ஆங்கில வேதாகமத்தில் அவ்விடத்தின் பெயர் மூன்று மதுச்சாலைகள் என்று பொருள்படும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் மதுச்சாலையை விட்டுவிட்டுச் சத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். பெத்லகேமில் மரியாளுக்கு இடமில்லாமற்போனதும், நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் தமிழில் சத்திரமே.

ஆங்கிலேயருக்கு அச்சொல் கூச்சம் தருவதன்று. அவர்களுடைய நாட்டுப்புறங்களில் ஆலயத்துக்கு அடுத்தாற்போலவே ஊர் மதுச்சாலை நிற்பதுண்டு. 'பப்' என்பது பொதுவீடு என்று பொருள்படும் தொடரின் சுருக்கம். மது காய்ச்சி விற்போர் வாசலில் அடையாளம் தொங்கவிடவேண்டுமென்று 1393-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் கட்டளையிட்டார். அப்பலகைகளில் பேதுருவின் திறவுகோல்களும் கொடியேந்திய ஆட்டுக்குட்டியும் இன்றும் காணப்படுகின்றன. கிளாஸ்டன்பரியில் 15-ஆம் நூற்றாண்டில் யாத்திரிகருக்காக எழுந்த விடுதி இன்றும் நடந்துவருகிறது.

மதுவினால் வீடு சிதைந்த சகோதரிகள் நம் சபையில் இருக்க, இதைப் போதகர் எழுதலாமா என்று தயங்கினேன். என்னைக் கவர்ந்தது அங்குள்ள பீப்பாய் அன்று; அந்நியன் மழையில் நனைந்து வந்தாலும் கணப்பருகே அவனுக்கு ஓர் இருக்கை கிடைக்கும் என்பதே. அங்கும் குறை உண்டு. உழைப்பாளிக்கு ஓர் அறை, கனவானுக்கு வேறோர் அறை என்று நெடுங்காலம் பிரித்தே வைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் அந்தக் கணப்பின் இடத்தில் சத்திரத்து அடுப்பு எரிந்தது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) இளமையில் மிஷனரி சுவார்ட்சு ஐயரின் பராமரிப்பில் வளர்ந்தவர். கிறிஸ்தவராகவில்லை, ஆயினும் ஐயரைத் தந்தையாகவே எண்ணினார். இராமேசுவரம் செல்லும் சாலையில் ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சத்திரங்களின் மானியம் கைவிட்டுப் போகுமோ என அஞ்சி, 1801-இல் அவர் கும்பினியாரின் பிரதிநிதிக்கு நீண்ட கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. நோயுற்றோருக்கு மருந்து உண்டு. வழியில் பிள்ளை பெறுவோருக்குப் பராமரிப்பு உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைக்குப் பால் உண்டு என்று அதில் விவரிக்கிறார். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும் என்றும் சொல்கிறார். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று அப்போது கூவி அழைப்பார்களாம்.

ஆங்கில மதுச்சாலையிலும் இரவில் மணி அடிப்பார்கள். அது கடைசிக் குவளையை வாங்கிக்கொள்ளுங்கள், கதவு அடைக்கப்போகிறோம் என்பதற்கு.

சத்திரத்தில் சோறு எல்லாருக்கும் இருந்தது. பந்தி ஒன்றாக இருக்கவில்லை. இதைச் சொல்ல நமக்கு எளிது. ஆனால் சுவார்ட்சு ஐயரின் ஆலயத்திலேயே சாதிவாரியாகத்தான் அமர்ந்தார்கள். அவரும் அதைப் பொறுத்துக்கொண்டார். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் அவ்வழக்கத்தை விலக்கச் சொன்னபோது, தஞ்சையில் சபையை விட்டு விலகிப் போனவர் பலர்.

விருத்தாசலம் சந்திப்பில் நள்ளிரவு வண்டியிலிருந்து இறங்குகிறவர்களும், பீங்கான் சூளையில் இரவுவேலை பார்த்துத் திரும்புகிறவர்களும் அந்நேரம் அண்டக்கூடிய இடம் தேநீர்க்கடைப் பலகை ஒன்றுதான். நம் ஆலயத்து வெளிவாயிலை மாலை ஜெபம் முடிந்ததும் நானே பூட்டுகிறேன். திண்ணையையும் குடிநீர்க் குழாயையுமாவது இரவில் திறந்துவைக்கலாமா என்று அடுத்த சபைச் சங்கக் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன். காவலுக்கு யார், செலவுக்கு என்ன வழி என்பதை யோசித்து வாருங்கள்.