கண்ணிமைப்பொழுதும் கமராவும்

எழுத்தொலியின் மாத்திரைக்குக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அளவாகக் கூறினார் தொல்காப்பியர். அவ்விமைப்பொழுதையும் பல நூறு கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றில் மட்டும் ஒளியை உள்ளே விட்டு மூடவல்லது கமராவின் ஷட்டர். ஒத்த தோற்றமும் ஒத்த விலையுமுடைய பொறிமுறைக் கமராக்கள் இரண்டனுள் எதனைக் கொள்வது என்னும் வினா எழுங்கால், ஷட்டர் வேகத்தின் உச்ச எண்ணையே பலரும் முதலில் நோக்குவர். அவ்வெண் எத்துணைப் பயனுடையது என்பதை அதன் வரலாறு கொண்டு அறியலாம்.

1839 ஆம் ஆண்டில் டாகரின் முறை பாரிஸ் நகரில் வெளியிடப்பட்டபோது கமராவுக்கு ஷட்டர் வேண்டப்படவில்லை. தகட்டின் உணர்திறன் மிகக் குறைவாயிருந்தமையால், வில்லையின் மூடியைக் கையாற் கழற்றிச் சில நிமிடங்களின் பின் மூடுதலே போதியதாயிற்று. 1875 இல் இலங்கையிற் குடியேறிய யூலியா மார்கரெட் கமரன் அம்மையாரும் ஈரக் கொலோடியன் தகடுகளைக் கையாண்டவரே. அவர்முன் அமர்ந்தோர் நெடும்பொழுது அசையாதிருத்தல் வேண்டும். 1878 இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பார் ஓடுங் குதிரையைப் பல கமராக்களாற் படம்பிடித்து, அதன் நான்கு கால்களும் ஒருங்கே நிலம் விட்டெழுங் கணமுண்டு என நாட்டினார். உணர்திறன் வளர வளரக் கையின் வேகம் போதாதாயிற்று; வில்லும் பற்சக்கரமும் அவ்விடத்தை ஏற்றன.

1925 இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா, துணித்திரை இரண்டைக் கொண்டு 1/500 செக்கன் வரை இயங்கியது. 1935 இல் அதன் ஒரு வகை 1/1000 செக்கனை எட்டியது. அதன்பின் பல்லாண்டுகளாகப் பெரும்பாலான பொறிமுறைக் கமராக்களுக்கு அதுவே எல்லையாய் நின்றது. யப்பானில் 1976 இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே 1000, மறு ஆண்டு வந்த நிக்கோன் எஃப்.எம். ஆகியவற்றின் உச்சமும் 1/1000 செக்கனே. 1982 இல் வந்த நிக்கோன் எஃப்.எம். 2, மெல்லிய டைட்டேனிய இதழ்களால் 1/4000 செக்கனை எய்தியது.

இவ்வேறுபாட்டின் பயனைக் கணக்கிட்டே காணலாம். கோப்பாய்ச் சந்தியில் மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சைக்கிள், ஒரு செக்கனில் 5 மீற்றர் நகரும். அது 1/125 செக்கனில் 4 சென்ரிமீற்றரும், 1/1000 செக்கனில் 5 மில்லிமீற்றரும், 1/4000 செக்கனில் ஒன்றேகால் மில்லிமீற்றரும் செல்லும். முதலாவது படத்தை மங்கச்செய்யும். பின்னைய இரண்டின் வேறுபாட்டைக் கண் எளிதில் அறியாது. ஆகவே, அசைவை நிறுத்துதற்கு 1/1000 செக்கனே பெரும்பாலும் போதும்.

வெயிலின் செய்தி வேறு. வட அகலக்கோடு ஒன்பதே முக்காற் பாகையளவில் அமைந்த யாழ்ப்பாணத்தில், சித்திரை முற்பகுதியிலும் ஆவணி நடுவிலும் கதிரவன் தலைக்கு நேரே நிற்கும். அவ்வெயிலில் 100 உணர்திறன் எண்ணுடைய படச்சுருளுக்குத் துவாரம் எஃப் 16 ஆயின் 1/125 செக்கன் பொருந்தும். பின்னணியை மங்கவைக்கத் துவாரத்தை விரிப்பார்க்கு, 1/1000 செக்கன் எஃப் 5.6 வரையிலும், 1/4000 செக்கன் எஃப் 2.8 வரையிலும் இடந்தரும். எனினும் வில்லையின்முன் சாம்பல்நிற வடிகண்ணாடி ஒன்றை மாட்டினும் இப்பயன் கைகூடும்.

இதனினும் பயன்மிக்கது, அதிகம் பேசப்படாத பிளாஷ் இணைவு வேகம். இரு திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடுங்கால், படச்சட்டம் முழுவதும் ஒருங்கே திறந்திருக்கும் மிகவிரைந்த வேகம் அது. கே 1000 இன் துணித்திரை 36 மில்லிமீற்றர் கிடையாக ஓடுவதால் அது 1/60 செக்கன். நிக்கோனின் உலோக இதழ்கள் 24 மில்லிமீற்றர் நெடுக்காக ஓடுவதால், எஃப்.எம். இல் 1/125 செக்கன், எஃப்.எம். 2 இல் முதலில் 1/200 செக்கனும், 1984 முதல் 1/250 செக்கனும் ஆயிற்று. நண்பகலில் மணப்பந்தரின் நிழலில் நிற்போர் முகத்துக்குப் பிளாஷ் ஒளி கொடுக்கும்போது, 1/60 செக்கனுக்குத் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கவேண்டும். 1/250 செக்கனுக்கு எஃப் 11 போதும். ஒரே விளக்கின் ஒளி பின்னதில் இருமடங்கு தூரம் செல்லும்.

இவையனைத்தினும் முதன்மையான பண்பு ஒன்றை யாழ்ப்பாணத்தின் போர்க்காலம் உணர்த்திற்று. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று; மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மின்கலமின்றி ஷட்டரே இயங்காத கனோன் ஏ.ஈ. 1 போன்ற கமராக்கள் அந்நிலையிற் பயனற்றவை. கே 1000, எஃப்.எம்., எஃப்.எம். 2 ஆகியவற்றிலோ ஒளிமானி மட்டுமே நிற்கும். வில்லின் விசையால் ஷட்டர் எல்லா வேகங்களிலும் இயங்கும். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாம மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழி வழியாகவும் கோப்பாய்–கைதடி வழியாகவும் பெயர்ந்தனர். அத்தகைய இருளிற் படம் எடுப்பார்க்கு வேண்டுவது 1/4000 செக்கன் அன்று. 1/30 செக்கனும் அகன்ற துவாரமும் நடுங்காத கையுமே. அங்கே இவ்வகைக் கமராக்கள் அனைத்தும் ஒன்றே. கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு போன குடும்பங்கள் பலவற்றின் படத்தொகுதிகள் வீடுகளோடு அழிந்தன. எஞ்சிய ஒரு படத்தின் மதிப்பை அது எடுக்கப்பட்ட வேகம் கொண்டு எவரும் அளப்பதில்லை.

கே 1000 இன் உற்பத்தி 1997 இலும், எஃப்.எம். 2 இன் உற்பத்தி 2001 இலும் முடிவுற்றன. இன்று கிடைப்பவை பிறர் கையாண்டவையே; அவற்றின் உச்ச வேகம் பொறித்த எண்ணுக்கு ஒத்திருத்தல் உறுதியன்று. ஆதலின், மின்கலமின்றி இயங்குகின்றதா என்பதை முதலிலும், வேகங்கள் பிழையின்றி உள்ளனவா என்பதை இரண்டாவதாகவும், பிளாஷ் இணைவு வேகத்தை மூன்றாவதாகவும், உச்ச வேகத்தை இறுதியிலும் நோக்குதலே முறை. பின்மூடியைத் திறந்து வெளிச்சமான சுவரை நோக்கி உச்ச வேகத்தில் இயக்கிப் பார்க்குங்கால், சட்டத்தின் ஒரு விளிம்பு இருண்டு தோன்றுமாயின் திரை பிசகியுள்ளது என்க. 1/4000 எனப் பொறிக்கப்பட்டுப் பிசகிய கருவியினும், 1/1000 எனப் பொறிக்கப்பட்டு அவ்வாறே இயங்குங் கருவி சிறந்தது.