இறப்பர்–அரிசி ஒப்பந்தம்

இலங்கையும் சீனாவும் 1952 டிசெம்பர் 18 அன்று பீக்கிங்கில் கைச்சாத்திட்ட ஐந்தாண்டு வணிக உடன்படிக்கை. ஆண்டுதோறும் சீனாவுக்கு 50,000 தொன் இறப்பர், இலங்கைக்கு 2,70,000 தொன் அரிசி என்பது ஏற்பாடு.

தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் விற்ற காசில் அரிசி வாங்கிய நாடு இலங்கை. 1950 யூனில் கொரியப் போர் மூண்டதும் பெரிய நாடுகள் இறப்பரை வாங்கிக் குவித்தன. களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் விடியற்காலையில் மரப்பட்டையைக் கீறி, சிரட்டையில் வடிந்த பாலை அசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்திப் புகையில் உலர்த்திய ஷீட்டுக்குத் திடீர் மவுசு. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பிறந்த மத்திய வங்கி, நடை பழகுமுன்னே இந்த ஏற்றத்தையும் அடுத்து வந்த சரிவையும் பார்த்துவிட்டது.

1952இல் இறப்பர் விழுந்தது; அரிசியோ ஏறிக்கொண்டே போனது. அந்நியச் செலாவணி கரைந்தது. பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்கான மானியம் திறைசேரியை அரித்தது. அமெரிக்காவிடம் கேட்ட அரிசி விலை கட்டுப்படியாகவில்லை. சீனாவுக்கோ இறப்பர் கிடைக்கவில்லை: 1951 மேயில் ஐ.நா. தடை விதித்திருந்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினர் அல்ல, 1955இல்தான் சேர்ந்தது. அதனால், கம்யூனிசத்தை அடியோடு வெறுத்த ஐக்கிய தேசியக் கட்சி அரசின் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவே பீக்கிங் போனார். சிங்கப்பூர் விலைக்கு மேலாகவே சீனா கொடுத்தது. இதனால் அமெரிக்க உதவி 1956 வரை நின்றுபோனதும் இக்கணக்கில் சேரும்.

ஒப்பந்தத்தைப் புகழ்வோர் அடுத்த ஆண்டை ஏனோ தொடுவதில்லை. அரிசி வருவது உறுதியானாலும் மானியச் சுமை இறங்கவில்லை. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன, ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். அதை எதிர்த்து நடந்த ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடும் அளவுக்கு நிலைமை முற்றியது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார்.

ஆட்சிகள் மாறியும் ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. இரு நாடுகளும் முறையான தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது 1957இல்தான்; அதற்கு ஐந்தாண்டு முன்பே கப்பல்கள் போய்வரத் தொடங்கிவிட்டன.