டிராகனுக்கும் அடி சறுக்கும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. யானையை விடப் பெரிய டிராகனுக்கு? அதற்கும் சறுக்கும்! ஏன் சறுக்குகிறது, அதைத் தாங்கிப் பிடிக்க நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்னென்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்ப்யூட்டர் இல்லாமல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். எதிரிகள் அத்தனை பேரையும் டன்ஜன் மாஸ்டர் என்ற ஒரே ஆள் ஆட்டுவிப்பார். சண்டை வந்தால் சுற்றுக் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். அடி பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பட்டால் உயிர்ப்புள்ளி குறையும்.

பல வாரம் ஆடி, கடைசியில் டிராகனின் குகைக்குள் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டை இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனால் எல்லோருக்கும் சப்பென்று ஆகிவிடும். மாறாக எல்லோரும் செத்துப்போனால் அத்தனை வார உழைப்பும் வீண். ஆகவே பெரிய மிருகத்தின் பலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டில் சாதாரணக் கேள்வி இல்லை.

<b>பொம்மைப் படையில் பிறந்தது</b>

1971ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டார்கள். இடைக்காலப் படைகளைச் சின்னப் பொம்மைகளாக நிறுத்தி ஆடுவது அது. ஒரு பொம்மை 20 வீரர்களைக் குறிக்கும். அதன் பின்னிணைப்பில் டிராகன், ராட்சதன், மந்திரவாதி எல்லாம் வந்தார்கள். 'ஹீரோ' என்ற ஒரே ஆளுக்கு நான்கு பேரின் சண்டைத் திறன். அதாவது பெரிய ஆள் என்றால் பல ஆட்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மூட்டை!

1974ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். முதல் பதிப்பு வெறும் 1000 பிரதிகள். இங்கே படை போய், ஒரு சிறு குழு வந்தது. பழைய மூட்டைக் கணக்கின் நல்லதும் கெட்டதும் அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

<b>ஒரு சின்னக் கணக்கு</b>

நான்கு வீரர்கள். ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளி, அடித்தால் 5 புள்ளி சேதம். எதிரே ஒரு டிராகன். அதற்கு 80 புள்ளி, அடித்தால் 20 சேதம். கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். எல்லா அடியும் படும் என்றும், வீரர்களே முதலில் அடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்றில் டிராகனுக்கு 20 போய் 60 மிச்சம். பதிலுக்கு ஒரு வீரர் காலி. அடுத்த சுற்றில் மூவர்தான் அடிக்கிறார்கள், 45 மிச்சம். பிறகு 35. பிறகு 30. நான்காவது சுற்றின் முடிவில் வீரர்கள் யாரும் இல்லை. டிராகன் 30 புள்ளியோடு நிற்கிறது!

காரணம் எளிது. வீரர்களில் ஒருவர் விழுந்தால் கால்வாசி பலம் போய்விடும். டிராகனோ 1 புள்ளி மிச்சம் இருக்கும்போதும் முழு பலத்தோடு அடிக்கும். பெரிய மிருகத்தின் முதல் சாதகம் இதுதான்.

இப்போது அதே சண்டையில் ஒரே ஒரு மாற்றம். வீரர்களோடு வந்த மந்திரவாதி டிராகனை அசையாமல் கட்டிப்போடுகிறார். நான்கு வீரர்கள், நான்கு சுற்று, தலா 5. மொத்தம் 80. டிராகன் ஒரு அடி கூடத் திருப்பி அடிக்காமல் செத்துவிடும். டிராகனுக்குப் பதில் நான்கு கோப்ளின்கள் வந்திருந்தால், ஒன்றைக் கட்டிப்போட்டாலும் மற்ற மூன்று சும்மா இருக்காது. ஆக, மொத்த பலமும் ஒரே உடம்பில், ஒரே முறையில் இருப்பதுதான் பெரிய மிருகத்தின் பலவீனமும்.

<b>இடமும் ஒரு எதிரி</b>

2000ல் வந்த மூன்றாம் பதிப்பு உடல் அளவுகளை ஒன்பது வகையாகப் பிரித்தது. கட்டம் போட்ட பலகையில் மனிதனுக்கு ஒரு கட்டம். அவனைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கலாம். 2003ல் வந்த அதன் திருத்தப் பதிப்பில் பெரிய மிருகத்துக்கு இரண்டுக்கு இரண்டு, அதாவது நான்கு கட்டம். அதைச் சுற்றி 12 பேர் நிற்கலாம். மூன்றுக்கு மூன்று என்றால் 16 பேர்! உடம்பு பெருக்கப் பெருக்க அடிக்கும் கைகளுக்கும் இடம் பெருகும்.

பதிலுக்கு ராட்சதனுக்கு நீண்ட கை கொடுத்தார்கள். பக்கத்தில் வருவதற்குள்ளேயே ஒரு அடி விழும். ஆனால் உருவம் பெரிது என்பதால் எதிரி அடிப்பது சுலபம், அதற்கும் கழிவு உண்டு. 2003 பதிப்பின் மலை ராட்சதனைப் பாருங்கள். 102 உயிர்ப்புள்ளி. விஷத்தைத் தாங்க +12. ஆனால் மனதைத் தாக்கும் மந்திரத்தைத் தாங்க வெறும் +4. வாளோடு மோதினால் அடி வாங்கியே சாக வேண்டும், மந்திரத்தால் மோதினால் வேலை சுலபம்.

இதற்கும் முன்பே, 1978ன் விதிப்புத்தகத்தில் ஆயுதங்களுக்கு இரண்டு விதமான சேதம் இருந்தது. நீண்ட வாள் மனித அளவு எதிரிக்கு 1 முதல் 8, பெரிய எதிரிக்கு 1 முதல் 12. கத்தியோ நேர்மாறு. சின்னவனுக்கு 4 வரை, பெரியவனுக்கு 3 வரைதான். எந்த ஆயுதத்தை எடுத்துப்போவது என்பதே ஒரு தந்திரம் ஆனது.

<b>வைத்தியங்கள்</b>

1981ன் 'பேசிக்' விதிகளில் டிராகனின் நெருப்பு மூச்சு, அந்த நேரத்தில் அதற்கு எத்தனை உயிர்ப்புள்ளி இருக்கிறதோ அத்தனை சேதம் செய்யும். முதலில் அடித்தவருக்கு லாபம். அடிபட்ட டிராகன் பலவீனமாவது இங்கே அபூர்வமாக நடந்தது.

1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் டிராகனின் வயதுப் படிகள் 8லிருந்து 12 ஆயின. பின்னால் நிற்பவரை உதைக்கவும், வாலால் அடிக்கவும், சிறகால் வீழ்த்தவும் விதி வந்தது. சுற்றி வளைத்தால் ஜெயித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு அடி!

2008ன் நான்காம் பதிப்பு 'சோலோ' என்று ஒரு வகையையே உருவாக்கியது. ஒரே மிருகம், ஐந்து பேருக்குச் சமம். உயிர்ப்புள்ளியைக் கொட்டிக் கொடுத்தார்கள். விளைவு? சண்டை இழுத்துக்கொண்டே போகிறது என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். உடம்பைப் பெருக்கினால் பயம் பெருகுவதில்லை, நேரம்தான் பெருகுகிறது.

2014ன் ஐந்தாம் பதிப்பு வேறு வழியில் போனது. வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 256 உயிர்ப்புள்ளி. அதை விட முக்கியம், மற்றவர்களின் முறை முடியும்போது இடையில் புகுந்து ஒரு சுற்றில் மூன்று சிறு செயல்கள் செய்யலாம். கட்டிப்போடும் மந்திரம் பலித்தாலும், நாளைக்கு மூன்று தடவை 'பலிக்கவில்லை' என்று சொல்லிவிடலாம்.

ஏன் மூன்று தடவை மட்டும்? எப்போதுமே பலிக்காது என்று விதி வைத்திருந்தால் மந்திரவாதியாக ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முதல் தடவையே பலித்தால் டிராகன் பொம்மையாகிவிடும். மூன்று என்றால், அந்த மூன்றையும் செலவழிக்க வைக்க குழு திட்டம் போட வேண்டும். அதற்குள் யார் விழுவார்கள் என்று தெரியாது. பயமும் இருக்கிறது, புத்திக்கு மதிப்பும் இருக்கிறது.

டிராகனுக்கு அடி சறுக்கத்தான் வேண்டும். சறுக்காத டிராகனோடு யார் ஆடுவார்கள்? ஆனால் தானாகச் சறுக்கக் கூடாது. நான்கு பேர் சேர்ந்து யோசித்துச் சறுக்க வைக்க வேண்டும். விதி எழுதியவர்கள் இத்தனை வருடம் மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.